பழந்தேரும் புதுப்பொறியும்

பிரித்தானியாவிலே குடியேறி வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது என்னையும் காண வந்தார். வந்தவர் இரண்டு பொருள்களை என்முன் வைத்தார். ஒன்று, அந்நாட்டில் அவர் வாங்கியிருக்கும் 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர்க் காரின் நிழற்படம். மற்றையது, பழைய வாகனங்களைக் குறித்து அந்நாட்டுப் போக்குவரத்துத் திணைக்களம் வெளியிட்ட வழிகாட்டியின் பிரதி.

"ஐயா, இதிலே 'சப்ஸ்ரான்ஷியல் சேஞ்ச்' என்றொரு தொடர் வருகின்றது. அதற்கு நேரான தமிழ்ச்சொல் யாதென்று தாங்கள் சொல்லவேண்டும். அதன் பொருள் தெளிவானால், என் காருக்கு வலிய எஞ்சின் ஒன்று பூட்டலாமோ ஆகாதோ என்பதும் தெளிவாகிவிடும்" என்றார்.

இலக்கணம் கற்பிக்கும் எனக்கும் எஞ்சினுக்கும் யாது தொடர்பு என்று முதலில் நகைத்தேன். இரண்டு நாள் அப்பிரதியோடு இருந்தபின் நகைப்பு நீங்கிற்று. ஒரு பொருளின் உறுப்புகளுள் எவை மாறினும் அஃது அப்பொருளாகவே நிற்கும், எவை மாறின் வேறு பொருளாகிவிடும் என்னும் வினாவையன்றோ அத்திணைக்களத்தார் எடுத்துக்கொண்டிருக்கின்றனர்! முதல் என்றும் சினை என்றும் பொருளைப் பகுத்து ஆராய்ந்த நம் இலக்கண ஆசிரியர்க்கு இவ்வினா புதியதன்று.

மாணாக்கரின் தந்தையாரை யான் நன்கறிவேன். அவரிடமும் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. 1990ஆம் ஆண்டில் எழுந்த பொருளாதாரத் தடையினால் வடபகுதியிலே பெற்றோல் அரும்பொருளாயிற்று. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடிய அக்காலத்தைக் கண்டவர் மறவார். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் வார்த்து எஞ்சினை எழுப்புவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகை கண்ணைக் கரிக்கும். ஆயினும் நோயாளர் வைத்தியசாலை சேர்வர். 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வுக்குப் பின் தந்தையார் தம் காரை மீட்டும் கண்டாரல்லர். மகன் கடல்கடந்த நாட்டிலே அதே இனத்துக் காரொன்றைத் தேடி வாங்கியது ஆடம்பரத்தின்பொருட்டன்று என்பதை வாசகர் உணர்வர்.

ஆயினும் அக்கார் அந்நாட்டுப் பெருந்தெருக்களில் இடர்ப்படுகின்றது. மணிக்கு 70 மைல் வேகத்திற் பிறர் செல்லும் வழியிலே அது மூச்சுத் திணறுகின்றது. ஏற்றத்திலே பின்னால் வரும் பாரவண்டிகள் நெருக்குகின்றன. நண்பர் சிலர், "யப்பானிய எஞ்சின் ஒன்றைப் பூட்டிவிடும், பறக்கும்" என்றனராம். அவ்வாறு செய்யின் சட்டம் யாது சொல்லும் என்பதே அவரது ஐயம்.

இனி, அக்காரின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியிலே வெளிப்போந்தது. அதன் முதல் எஞ்சின் 918 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடையது; பழைய பக்கவால்வு முறையினது. 1952ஆம் ஆண்டில் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் ஒன்றாயின. அதன்பின் ஒஸ்ரினார் ஆக்கிய 'ஏ வரிசை' எஞ்சின், 803 கனசென்ரிமீற்றர் அளவினது, மைனருக்குள் வந்தமர்ந்தது. 1956இல் அவ்வெஞ்சினே 948 ஆக வளர்ந்தது. 1962இல் 1098 ஆயிற்று. அதே வரிசை, பிற கார்களில் 1275 வரை வளர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் ஆக்கம் நின்றபோது 16 இலட்சத்துக்கு மேற்பட்ட மைனர்கள் உருவாகியிருந்தன. ஆகவே, எஞ்சின் மாறுதல் என்பது இக்காருக்குப் பிற்காலத்தார் இழைத்த குற்றமன்று. ஆக்கியோரே நான்கு எஞ்சின்களைப் பூட்டினர். ஆனால் அந்நான்கனுள் மூன்று ஒரே குலத்தின என்பதை மனத்துட் கொள்க.

நிற்க. "பழைய காருக்குப் புதிய எஞ்சின் பூட்டுதலைப் பிரித்தானியச் சட்டம் தடுக்கின்றது" என்று பலர் கருதுகின்றனர். அது பிழை. சட்டம் அதனை முற்றாகத் தடுக்கவில்லை. பழைய கார் என்னும் பெயரால் வரும் சலுகைகளுக்கே அது வரம்பு கட்டுகின்றது. இவ்வேறுபாட்டை அறியாதார் சட்டத்தை வீணே பழிப்பர்.

அச்சலுகைகள் யாவை? பிரித்தானியாவிலே 1960ஆம் ஆண்டு தொட்டு வாகனங்களுக்குத் தகுதிச் சோதனை உண்டு. பிறேக்கு, சுக்கான், விளக்கு, சில்லு முதலியவற்றை ஆண்டுதோறும் சோதித்துச் சான்று வழங்குவர். 2012ஆம் ஆண்டு நவம்பரில், 1960க்கு முன் ஆக்கப்பட்ட வாகனங்களுக்கு அச்சோதனையினின்றும் விலக்கு அளித்தனர். 2018ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் முதல் அவ்விலக்கு விரிந்தது. நாற்பது ஆண்டு கடந்த வாகனங்கள், கடைசி முப்பது ஆண்டுகளுள் நம் மாணாக்கர் காட்டிய அந்த மாற்றத்தை அடையாதிருப்பின், சோதனைக்குச் செல்லவேண்டுவதில்லை. நாற்பது கடந்தவை வரலாற்று வாகனமாகப் பதியப்பெற்று வரிவிலக்கும் பெறும்; இலண்டனில் மாசு மிகுந்த வாகனங்கள் செலுத்தவேண்டிய கட்டணத்தினின்றும் தப்பும்.

இவ்வளவு சலுகையும் எதன்பொருட்டு? அக்கார்கள் எண்ணிக்கையிற் சில. ஓடும் தூரமும் குறைவு. உடையவரோ அவற்றைக் குழந்தைபோற் பேணுவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவை ஒரு காலத்தின் கைவினைக்குச் சான்றாய் நிற்பவை. சான்று என்று சலுகை பெற்றபின் அச்சான்றையே மாற்றிவிட்டால், சலுகைக்கு அடிப்படை யாது?

இனி வழிகாட்டியின் சொல்லுக்கு வருவோம். அது மூன்று தலையுறுப்புகளைக் குறிக்கின்றது. முதலாவது, அடிச்சட்டம் அல்லது சட்டமும் உடலும் ஒன்றான கூடு. இரண்டாவது, அச்சும் ஓட்டுறுப்புகளும். மூன்றாவது, எஞ்சின். எஞ்சினைப் பற்றி அது சொல்வது வருமாறு: ஒரே அடிப்படை எஞ்சினின் வேறு கொள்ளளவுடைய வடிவமாயின் அஃது அத்தகைய மாற்றமன்று. ஆக்கியோரே அக்காருக்கு மாற்றாக அளித்த எஞ்சினாயினும் அன்று. உருளைகளின் எண்ணிக்கை மூலத்தினின்றும் வேறுபடின் ஐயுறத்தக்கது.

இவ்விடத்திலேதான் சொல்லின் பொருள் எனக்குப் புலனாயிற்று. அவ்வாங்கிலச் சொல்லுக்கு இரு பொருளுண்டு. 'பெரிய' என்பது ஒன்று. 'பொருளின் உள்ளியல்பைச் சார்ந்த' என்பது மற்றொன்று. முதலில் யான் 'பெருமாற்றம்' என்று மொழிபெயர்த்திருந்தேன். அது பொருந்தாது என்பதற்குக் கணக்கே சான்று. 948 கனசென்ரிமீற்றர் எஞ்சினை எடுத்துவிட்டு அதே ஏ வரிசையின் 1275ஐப் பூட்டினால், கொள்ளளவு மூன்றிலொரு பங்குக்கு மேற் கூடுகின்றது. அளவால் அது பெரிய மாற்றமே; ஆயினும் வழிகாட்டி அதனை ஏற்கின்றது. யப்பானிய எஞ்சின் ஒன்று 948 என்னும் அதே அளவினதாயினும் வழிகாட்டி அதனை ஏற்காது. ஆகவே சட்டம் நோக்குவது பருமையை அன்று, குலத்தை. புணர்ச்சியிலே இயல்பு என்றும் திரிபு என்றும் நாம் பகுப்பதுபோல, அதுவும் இயல்பு நின்றதோ திரிந்ததோ என்றே வினவுகின்றது. 'இயல்திரிபு' என்பதே அதற்கு ஏற்ற சொல் என்று துணிந்தேன்.

திணைக்களத்தாரும் இத்தெளிவை எளிதில் எய்தினாரல்லர். 2017ஆம் ஆண்டில் அவர்கள் முதலிற் கருதிய அளவுகோல் எண்ணாய் இருந்தது. நிறைக்கும் வலுவுக்கும் உள்ள விகிதம் நூற்றுக்கு 15 வீதத்துக்கு மேற் கூடினால் வாகனம் மாறிவிட்டது என்று கொள்ள எண்ணினர். பழங்கார் அன்பர் மறுத்தனர். பின்னர் அந்த எண் கைவிடப்பட்டது. மறுப்பு நியாயமானது என்பதற்கு மைனரே போதும். 948 எஞ்சினின் வலு 37 பரிவலு. 1098இன் வலு 48 பரிவலு. ஆக்கியோர் தாமே செய்த அவ்வொரு மாற்றத்தால் வலு நூற்றுக்கு ஏறத்தாழ 30 வீதம் உயர்ந்தது. எண்ணைக் கொண்டு அளந்திருந்தால், 1961ஆம் ஆண்டு மைனருக்கு 1962ஆம் ஆண்டு மைனரின் எஞ்சினைப் பூட்டுவதும் குற்றமாகியிருக்கும்! எண் துல்லியமானது, ஆனால் துல்லியம் எல்லாம் நீதியாகாது.

வழிகாட்டி விதிவிலக்குகளையும் வகுத்துள்ளது. மூல உறுப்பு கிடைத்தற்கு அரிதானவிடத்து, வாகனத்தைக் காக்கும்பொருட்டுச் செய்த மாற்றம் ஏற்கப்படும். அக்கார் ஆக்கப்பட்ட காலத்திலோ, ஆக்கம் நின்றபின் பத்தாண்டுகளுக்குள்ளோ வழக்கிலிருந்த மாற்றமும், அதனை மெய்ப்பிக்க இயலுமாயின், ஏற்கப்படும். அச்சிலும் ஓட்டுறுப்புகளிலும் திறனுக்காகவோ பாதுகாப்புக்காகவோ சூழலின் தூய்மைக்காகவோ செய்த மாற்றமும் ஏற்கப்படும். இக்கடைசி விலக்கு எஞ்சினுக்குக் கூறப்படாமையை நோக்குக. நிறுத்தும் ஆற்றலைக் கூட்டுவார்க்குச் சட்டம் வழிவிடுகின்றது. விரையும் ஆற்றலைக் கூட்டுவாரைக் குலம் யாது என்று வினவுகின்றது. இது நுண்ணிய வேறுபாடு, அறமும் உடையது.

ஏட்டுச்சுவடிகளோடு பழகிய எமக்கு இம்முறை அந்நியமானதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தது முதலாக, நம் பதிப்பாசிரியர் எதிர்கொண்ட இடர் இதுவேயன்றோ? செல்லரித்த எழுத்தைப் பிறிதொரு பிரதியைக் கொண்டு நிரப்புதல் காத்தலாகும். இரண்டு பிரதிகளில் இருவேறு சொல் காணப்படின் அது பாடபேதம். எதனைக் கொள்ளினும் நூல் கெடாது. ஆனால் பதிப்பிப்போர் தாமே ஒரு செய்யுளை யாத்து நடுவே புகுத்தினால் அஃது இடைச்செருகல். அச்செய்யுள் மூலத்தினும் இனிதாயிருக்கலாம்; இருந்தும் அது பிழையே. புதுச்செய்யுள் பாட விரும்புவோரைத் தடுப்பார் யார்? தம் பெயராற் பாடுக. பழையோர் பெயராற் பாடற்க. மைனருக்கு 1098 எஞ்சின் பாடபேதம் போன்றது. யப்பானிய எஞ்சின் இடைச்செருகல் போன்றது.

இனி, எதிர்க்கட்சியார் கூறுவதையும் கேட்டல் முறை. "கார் என்னுடையது, புதிய எஞ்சின் புகையைக் குறைக்கும், எரிபொருளை மிச்சப்படுத்தும். நன்மை செய்வோனைச் சட்டம் ஏன் ஒறுக்கவேண்டும்?" என்பர். கூற்றில் உண்மையுண்டு. ஆயின் ஒறுப்பு என்பது யாது? இயல்திரிபு அடைந்த கார் ஆண்டுக்கொருமுறை தகுதிச் சோதனைக்குச் செல்லவேண்டும், அவ்வளவே. எழுபது பரிவலுவோ நூறு பரிவலுவோ உடைய எஞ்சினை, 37 பரிவலுவுக்கென வகுத்த கூட்டிலே பொருத்திய ஒருவர், அதன் பிறேக்கும் அச்சும் அவ்வலுவைத் தாங்குமோ என்று பிறர் சோதிப்பதை ஏன் வெறுக்கவேண்டும்? மைனரின் நான்கு சில்லுகளிலும் இருந்தவை பழைய உருளைப் பிறேக்குகளே. அவற்றை நம்பி விரைவது தம் உயிருக்கு மட்டுமன்று, தெருவிலே நடக்கும் பிள்ளைக்கும் ஊறாகும்.

பெயரைப் பதியும் அலுவலகத்தாரின் நோக்கு இன்னும் வேறுபட்டது. கார் தன் பழைய பதிவெண்ணை வைத்திருக்கலாமோ என்பதை அவர்கள் நெடுங்காலம் புள்ளியிட்டு அளந்தனர். சட்டத்துக்கு அல்லது கூட்டுக்கு 5 புள்ளி. வில்லமைப்பு, அச்சுகள், கியர்ப்பெட்டி, சுக்கான் என்பவற்றுக்கு இவ்விரண்டு. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. பதினான்கிலே எட்டு வேண்டும். அவ்வெட்டிலே கூட்டின் ஐந்தும் அடங்கவேண்டும். அஃதாவது, எஞ்சினை இழந்தும் கார் பெயரை இழக்காது; கூட்டை இழந்தால் இழக்கும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26ஆம் நாள் முதல் இம்முறை தளர்த்தப்பட்டது. மூலத்தைப் போன்ற உறுப்பைக் கொண்டு பழுது பார்த்தலை அறிவிக்கவேண்டுவதில்லை. கட்டமைப்பை மாற்றியோர் அம்மாற்றத்தை அறிவித்துப் பழைய எண்ணோடு தொடரலாம். எஞ்சின் இலக்கமோ கொள்ளளவோ எரிபொருளோ மாறின் பதிவுப் புத்தகத்தைத் திருத்துவித்தல் முன்போலவே கடமை. ஆகவே பெயர் ஓரிடத்திலும் சலுகை வேறோரிடத்திலும் நிற்கின்றன. பெயர் நின்றது என்று கருதிச் சலுகையும் நின்றது என்று மயங்குவார் பலர்.

காப்புறுதி மூன்றாவது வாயில். 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, காப்புறுதி பெறுவோர் வினாவுக்கு விடையளிக்கையிலே பொய்கூறாதிருக்கத் தக்க கவனம் எடுத்தல்வேண்டும். மாற்றிய எஞ்சினை வேண்டுமென்றே மறைத்தவருடைய ஒப்பந்தத்தை நிறுவனம் தள்ளிவிடலாம். விபத்து நேர்ந்த நாளிலே அம்மறைப்பின் விலை தெரியவரும்.

பிறநாட்டு வழக்குகளும் உளத்திற் கொள்ளத்தக்கன. ஜேர்மனியிலே 1997ஆம் ஆண்டு தொட்டு, முப்பது ஆண்டு கடந்த கார்களின் எண்தகட்டில் 'எச்' என்னும் எழுத்தைப் பொறிக்கின்றனர். அதனைப் பெறுவதற்குக் கார் பெரும்பாலும் மூலநிலையில் இருத்தல்வேண்டும். நன்கு பேணப்பட்டதாதல் வேண்டும். வாகனத் தொழில்நுட்பத்தின் பண்பாட்டுச் செல்வத்தைக் காத்தற்கு உதவுவதாதல் வேண்டும். ஒரு காரைப் பண்பாட்டுச் செல்வம் என்று சட்டமே பெயரிட்டழைப்பது எனக்கு வியப்பளித்தது. அங்கே சான்று கூறுபவர் தேர்ச்சிபெற்ற சோதகர். கலிபோர்ணியாவிலோ புகையே அளவுகோல். எஞ்சினை மாற்றுவோர் காரின் ஆண்டினும் பழைய எஞ்சினைப் பூட்டலாகாது. புதியதைப் பூட்டின் அதற்குரிய புகைத்தடுப்பு உறுப்புகளையும் உடன்சேர்த்தல் வேண்டும். 1975ஆம் ஆண்டும் அதற்கு முந்தியனவுமாகிய கார்களுக்கு ஆங்கு காலமுறைப் புகைச்சோதனை இல்லை.

பிரித்தானியாவிலே சோதகர் இல்லை. கார் இயல்திரிபு அடையவில்லை என்று உடையவரே கையெழுத்திட்டு உறுதிகூறவேண்டும். அந்நாட்டு முறையின் நலிவும் பொலிவும் இதுவே. பொய்யாக எழுதுவோரை உடனே பிடிப்பார் இல்லை. ஆனால் விலக்குப் பெற்றவரும் காரைத் தெருவுக்குத் தகுதியாக வைத்திருக்கும் கடமையினின்றும் விலகவில்லை. ஊறு விளைக்கும் நிலையிலுள்ள வாகனத்தைச் செலுத்தினால் 2,500 பவுண் வரை தண்டம் விதிக்க இடமுண்டு.

இவ்வளவையும் மாணாக்கருக்கு எடுத்துரைத்தேன். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, "ஐயா, அப்பா மண்ணெண்ணெயில் ஓட்டினாரே, அதுவும் இயல்திரிபு ஆகாதோ?" என்றார்.

"தம்பி, நீர் அதையும் இதையும் ஒன்றாக எண்ணக்கூடாது. அவர் மாற்றியது உணவை; உறுப்பையன்று. அதுவும் கார் ஓடாது கிடந்து அழியாமைக்காகவும், ஊரார் உயிர்காக்கவும் மாற்றினார். காத்தற்குச் செய்த மாற்றத்தை உம் வழிகாட்டியும் மதிக்கின்றதன்றோ? விரைவு வேண்டிச் செய்வது வேறு" என்றேன்.

அவர் இங்கிலாந்துக்கு மீண்டபின் எழுதிய மடல் சென்ற கிழமை வந்தது. யப்பானிய எஞ்சினைக் கைவிட்டாராம். பிந்திய மைனர்களிலிருந்த அகன்ற முன்பிறேக்குகளை முதலிற் பொருத்துவித்தார், அதன்பின் 1098 எஞ்சின் ஒன்றைத் தேடிப் பூட்டுவித்து, பதிவுப் புத்தகத்தையும் திருத்துவித்தார், காப்புறுதியாருக்கும் அறிவித்தார். ஏற்றத்திலே கார் முன்போல் நாணவில்லையாம். விலக்குக்குரிய உறுதிமொழியிலே கையெழுத்திடும்போது மனம் கூசவில்லை என்றும், அப்படியிருந்தும் ஆண்டுக்கொருமுறை தாமாகவே சோதனைக்குக் கொண்டுசெல்லத் துணிந்துள்ளார் என்றும் எழுதியிருக்கின்றார். விலக்குப் பெற்றவரும் விரும்பினாற் சோதிப்பித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது.

மடலின் இறுதியிலே ஒரு வரி: காலையில் எஞ்சினை எழுப்பும்போது, வீட்டு முற்றத்திலே தந்தையார் எழுப்பிய அதே ஒலி கேட்கின்றதாம். வேறு குலத்து எஞ்சினைப் பூட்டியிருந்தால் விரைவு கிடைத்திருக்கும், அவ்வொலி கிடைத்திராது.